பாடாமல் விடப்படும் மூன்று வசனங்கள்

தவக்காலத்தின் நான்காம் ஞாயிறன்று, இரண்டாம் ஆண்டு வழிபாட்டில், 137-ஆம் திருப்பாடல் பதிலுரைப் பாடலாக வருகின்றது. பழைய கணக்கில் இது 136-ஆம் சங்கீதம். பாபிலோனின் ஆற்றங்கரைகளில் அமர்ந்து சீயோனை எண்ணி அழுத மக்களின் பாடல் இது. யாழை மரக்கிளையில் மாட்டிவிட்டு, தங்களைச் சிறைப்பிடித்தவர்களின் பொழுதுபோக்குக்காகப் பாட மறுத்தவர்களின் பாடல். எருசலேமை மறந்தால் தன் வலக்கை செயலற்றுப் போகட்டும், நாவு ஒட்டிக்கொள்ளட்டும் என்று தன்னையே சபித்துக்கொள்ளும் ஆறாம் வசனத்தோடு பாடகர் நிறுத்திவிடுகிறார். நாமும் பதிலுரையைப் பாடிவிட்டு அடுத்த வாசகத்திற்குச் செவிமடுக்கிறோம்.

ஆனால் இத்திருப்பாடல் ஒன்பது வசனங்கள் கொண்டது. ஏழாம் வசனம், எருசலேம் வீழ்ந்த நாளில் அதைத் தரைமட்டமாக்கும்படி ஏதோமியர் கூவியதை ஆண்டவருக்கு நினைவூட்டுகிறது. எட்டாம் வசனம், பாபிலோனுக்குப் பழிக்குப் பழி செய்பவனை வாழ்த்துகிறது. ஒன்பதாம் வசனமோ அந்நகரின் பச்சிளங் குழந்தைகளைப் பாறையில் மோதிக் கொல்பவனைப் பேறுபெற்றவன் என்று அழைக்கிறது. மலைப்பொழிவில் நம் ஆண்டவர் எளியோரையும் துயருறுவோரையும் வாழ்த்தப் பயன்படுத்திய அதே ‘பேறுபெற்றோர்’ என்னும் சொல், கிரேக்க விவிலியத்தில் இங்கும் நிற்கிறது.

இவ்வசனங்களை வழிபாட்டிலிருந்து நீக்கியது நம் பங்குத்தந்தையர் எவருமல்லர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின், 1970 நவம்பர் முதல் நாள் திருத்தந்தை ஆறாம் பவுல் புதுப்பித்து அறிவித்த திருப்புகழ்மாலையில் 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்களும் முழுமையாக விடப்பட்டன. வேறு சில திருப்பாடல்களிலிருந்து சாபம் தொனிக்கும் வசனங்கள் மட்டும் எடுக்கப்பட்டன. உள்ளத்திற்கு ஏற்படும் இடர்ப்பாடே காரணமாகச் சொல்லப்பட்டது. அதே அறிவுறுத்தல், புதிய ஏற்பாடே சாபப் பாடல்களை எடுத்தாளுவதையும் மறைக்காமல் குறிப்பிடுகிறது. யூதாசின் இடத்திற்கு வேறொருவரைத் தேர்ந்துகொள்ளும் வேளையில் புனித பேதுரு மேற்கோள் காட்டுவது, முழுமையாக விடப்பட்ட அந்த 109-ஆம் திருப்பாடலைத்தான் (திப 1:20).

நம் திருச்சி மறைமாவட்டத்திற்கு இந்தக் கேள்வி புதிதன்று. குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், 1950 மார்ச் 21 அன்று சச்சிதானந்த ஆசிரமம் தொடங்கப்பட்டது. 1939-இல் பிரான்சிலிருந்து வந்து, ஆயர் ஜேம்ஸ் மென்டோன்சாவின் கீழ் குளித்தலைப் பகுதியில் பணியாற்றிய அருள்தந்தை ஜூல் மொன்ஷனெனும், பெனடிக்ட் சபைத் துறவி ஆன்றி லெ சோவும் அதன் நிறுவனர்கள். பின்னவரை அபிஷிக்தானந்தர் என்று நாம் அறிவோம். சாந்திவனம் என்னும் பெயரே மக்கள் நாவில் நிலைத்தது. 1968-இல் அதன் பொறுப்பை ஏற்ற அருள்தந்தை பீட் கிரிஃபித்ஸ் இங்கிலாந்தின் பிரிங்க்நாஷ் மடத்திலிருந்து வந்த பெனடிக்ட் துறவி. புனித பெனடிக்டின் ஒழுங்குப்படி வாரத்திற்குள் நூற்றைம்பது திருப்பாடல்களையும் பாடி முடிக்க வேண்டும். அந்த மரபில் வளர்ந்த ஒருவர், பகைவரை ஒழிக்கக் கேட்கும் சொற்கள் கிறிஸ்தவச் செபத்துக்குப் பொருந்தாதவை என்னும் முடிவுக்கு வந்தார். அவற்றை விலக்கி அவர் தொகுத்த திருப்பாடல் நூல், 1993 மே 13-இல் அவர் சாந்திவனத்தில் இறந்த பிறகு, 1995-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் வந்த நம் பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியமோ, இயல்பாகவே, ஒரு வசனத்தையும் விடவில்லை. ஒரே ஆண்டில் வந்த இவ்விரு நூல்களுக்கும் இடையில்தான் நம் கேள்வி நிற்கிறது.

அருள்தந்தை கிரிஃபித்ஸ் எளிதில் ஒதுக்கத்தக்கவர் அல்லர். பல சமயத்தார் வந்து அமைதியில் அமரும் ஓர் ஆசிரமத்தில், குழந்தைகளைப் பாறையில் மோதுவதைப் பற்றிப் பாடினால் அது எவ்வாறு ஒலிக்கும்? தமிழராகிய நமக்கு இன்னொரு கூச்சமும் உண்டு. தன் கணவனை அநீதியாக இழந்த கண்ணகி மதுரையை எரிக்கத் தீக்கடவுளை ஏவும்போதுகூட, முதியோரையும் குழந்தைகளையும் தொடாதே என்று விலக்குச் சொல்லித்தான் ஏவுகிறாள். நம் காப்பியத்தில் உள்ள அந்த விலக்கு விவிலியத்தின் இந்தப் பாடலில் இல்லையே என்று நம் இளைஞர் ஒருவர் கேட்டால் என்ன விடை சொல்வோம்?

விடைதேட, முதலில் வரலாற்றைப் பார்க்க வேண்டும். கி.மு. 587-ஐ ஒட்டிய ஆண்டில் எருசலேம் நெபுகத்னேசரின் படையிடம் வீழ்ந்தது. முற்றுகையின்போது நகரில் உணவு தீர்ந்தது. அரசன் செதேக்கியாவின் புதல்வர்களை அவன் கண்முன்னே கொன்று, அதன்பின் அவன் கண்களைப் பிடுங்கினர் (2 அர 25:7). தெருக்களில் குழந்தைகள் மயங்கிச் சரிந்ததையும், தாய்மார் தம் பிள்ளைகளையே சமைத்ததையும் புலம்பல் நூல் சொல்கிறது. ஆகவே ஒன்பதாம் வசனத்தைப் பாடியவன் குழந்தைக் கொலையைக் கற்பனையில் கண்டவன் அல்லன். அதைத் தன் வீட்டு வாசலில் கண்டவன். வளமான நாட்டில் சோபாவில் அமர்ந்து பகைவரைச் சபிக்கும் பாடலாக அதை வாசித்தால் அருவருப்பே மிஞ்சும். குழந்தையைப் புதைக்கவும் இடமின்றி இழுத்துச் செல்லப்பட்ட ஒரு தந்தையின் வாயில் வைத்துக் கேட்டால் வேறுவிதமாக ஒலிக்கும்.

அந்தக் குரலைக் கேட்க நாம் பாபிலோன் வரை போகத் தேவையில்லை. சாந்திவனத்தைக் கடந்து கிழக்கே வரும் காவிரி, முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்துவிட்டு, இரு கிளைகளுக்கும் நடுவே திருவரங்கத்தைத் தாங்கி நிற்கிறது. அந்தத் தீவுக்கும் ஒரு நாடுகடத்தல் உண்டு.

1323-இல் தில்லிச் சுல்தானின் படை தென்னகத்திற்கு வந்தபோது, மூலவரின் சந்நிதியைக் கல்சுவர் எழுப்பி மறைத்துவிட்டு, உற்சவத் திருமேனியைப் பிள்ளை உலகாசிரியர் தலைமையில் ஒரு சிறு கூட்டம் தெற்கே எடுத்துச் சென்றது என்று கோயிலொழுகு முதலிய மரபு நூல்கள் கூறுகின்றன. முதியவரான பிள்ளை உலகாசிரியர் மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் உயிர்நீத்தார். திருமேனி சேர நாட்டின் வழியாக மேல்கோட்டைக்கும், பின்னர் திருமலைக்கும் சென்றது. 1371-இல் விசயநகரத் தளபதி கோபணர் அதைச் செஞ்சி வழியாக மீண்டும் அரங்கத்திற்குக் கொண்டுவந்ததைக் கோயிலின் கல்வெட்டு ஒன்று இன்றும் சொல்கிறது. இடைப்பட்ட காலம் 48 ஆண்டுகள். எருசலேமின் வீழ்ச்சிக்கும், கி.மு. 538-இல் சைரசு மன்னர் யூதர் நாடு திரும்ப ஆணையிட்டதற்கும் இடைப்பட்ட காலமும் ஏறத்தாழ அவ்வளவே. இந்த எண் ஒற்றுமையில் மறைபொருள் ஏதும் தேட வேண்டாம். ஆனால் ஒரு தலைமுறை முழுவதும் கோயிலைக் காணாமலேயே பிறந்து வளர்ந்திருக்கும் என்பதை இரண்டு இடங்களிலும் எண்ணிப் பார்க்கலாம்.

அந்த நாள்களின் நினைவாக வைணவ மரபு போற்றும் இரு செய்திகள் நமக்கு மிகவும் வேண்டியவை. ஒன்று வேதாந்த தேசிகரைப் பற்றியது. சுதர்சன சூரி என்னும் முதிய அறிஞர், தம் சுருதப்பிரகாசிகை என்னும் உரைச்சுவடியையும் தம் இரு இளம் புதல்வரையும் அவர் கையில் ஒப்படைத்தாராம். பிணக்குவியலுக்குள் மறைந்து கிடந்து, சுவடியையும் சிறுவர் இருவரையும் காப்பாற்றிக் கன்னட நாட்டிற்குக் கொண்டுசேர்த்தார் தேசிகர். அங்கிருந்து அவர் பாடியதாகச் சொல்லப்படும் அபீதிஸ்தவம், பகைவரால் பரவிய அச்சத்தைத் தம் படைகளைக் கொண்டு நீக்கும்படி இறைவனை வேண்டுகிறது. ஆயுதத்தை அவர் தம் கையில் எடுக்கவில்லை, இறைவன் கையிலுள்ளதைப் பற்றிப் பேசுகிறார். பாபிலோனின் கரையில் இருந்த பாடகனும் அதைத்தான் செய்கிறான். அவனுடைய யாழ் மரத்தில் தொங்குகிறது. கையில் வாளும் இல்லை. தன் சினத்தின் கடைசிச் சொல்வரை ஆண்டவர்முன் கொட்டிவிடுகிறான். அக்கூட்டத்தார் பாபிலோனியக் குழந்தை ஒன்றையேனும் தொட்டதாக விவிலியம் சொல்லவில்லை. மாறாக, நாடுகடத்தப்பட்ட அதே மக்களுக்கு இறைவாக்கினர் எரேமியா மடல் எழுதி, அவர்கள் வாழும் நகரின் நலத்திற்காக ஆண்டவரிடம் மன்றாடச் சொன்னார் (எரே 29:7). சபித்தவரும் பாபிலோனுக்காக மன்றாடியவரும் ஒரே கூட்டத்தில் இருந்தனர். ஒருவேளை ஒரே ஆளாகவும் இருந்திருக்கலாம். மனித உள்ளத்தை அறிந்தவர் இதற்கு வியக்க மாட்டார்.

மற்றொரு செய்தி திரும்பி வந்த நாளைப் பற்றியது. 48 ஆண்டுகளுக்குப் பின் வந்த திருமேனி பழையதுதானா என்று எவருக்கும் உறுதியில்லை. இடைக்காலத்தில் வேறொரு திருமேனியும் வழிபாட்டில் இருந்ததால் குழப்பம் நேர்ந்தது. அப்போது, பழைய நாள்களில் கோயில் ஆடைகளை வெளுத்த, பார்வையிழந்த வயது முதிர்ந்த ஒரு வண்ணாரைத் தேடி அழைத்து வந்தனர். இரு திருமேனிகளுக்கும் நீராட்டிய ஈர ஆடையின் நீரை அவர் சுவைத்துப் பார்த்து, இவரே நம்பெருமாள் என்று அடையாளம் காட்டினாராம். அந்தப் பெயரே இன்றுவரை அரங்கத்து உற்சவருக்கு வழங்குகிறது. ஆசாரியர்களும் அதிகாரிகளும் தயங்கி நிற்க, நினைவைக் காத்து வைத்திருந்தவர் சமூகத்தின் கடைசிப் படியில் நின்ற ஒருவர். எருசலேமை மறந்தால் என் நாவு ஒட்டிக்கொள்ளட்டும் என்னும் ஆறாம் வசனத்திற்கு இதைவிடச் சிறந்த உரை நமக்குக் கிடைப்பது அரிது.

துன்புற்றவர் நினைவு வைத்திருப்பார் என்றால், துன்புறுத்தியவரையும் நினைவு வைத்திருப்பார். ஏழாம் வசனத்திற்கு நாம் இங்கேதான் வந்துசேர வேண்டும். அதற்கு முன் திருச்சபைத் தந்தையர் காட்டிய வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஒரிஜனும் புனித அகுஸ்தீனும் ஒன்பதாம் வசனத்தின் குழந்தைகளை நம் உள்ளத்தில் அப்போதுதான் பிறந்த தீய எண்ணங்கள் என்றும், பாறையைக் கிறிஸ்து என்றும் விளக்கினர். புனித பெனடிக்ட் இதைத் தம் ஒழுங்கு நூலில் எடுத்துக்கொண்டு, தீய நினைவு எழுந்தவுடனே அதைக் கிறிஸ்துவின்மீது மோதி நொறுக்கச் சொல்கிறார். சாந்திவனத்தின் துறவியர் பயின்ற மரபே இது. மலைக்கோட்டையின் நிழலில் வாழும் திருச்சிக்காரருக்குப் பாறையின் உறுதியைப் பற்றி எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த விளக்கம் நமக்கு எளிதில் பிடித்துப்போகும். ஆன்ம வாழ்வுக்கு இது பயன் தருவதும் உண்மை. எனினும் இவ்விளக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டால், அழுதவனின் உண்மையான குழந்தை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. வசனத்தை வெட்டினாலும் அதுவே நிகழ்கிறது. அருள்தந்தை கிரிஃபித்ஸிடம் நமக்குள்ள மரியாதை குறையாமலே, அவர் முடிவோடு நாம் வேறுபடுவது இந்த ஓரிடத்தில்தான்: பழியுணர்வை நீக்கப்போய், பாதிக்கப்பட்டவரின் சாட்சியமும் சேர்ந்து நீங்கிவிடுகிறது. விவிலியத்தின் இருண்ட பகுதிகளை ஒதுக்காமல், கிறிஸ்துவின் மறைபொருளைத் திறவுகோலாகக் கொண்டு வாசிக்கவேண்டும் என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010-இல் தம் திருத்தூது ஊக்கவுரையில் சொன்னதும் இங்கே எண்ணத்தக்கது.

கிறிஸ்துவே இவ்வசனத்தை எப்படிக் கையாண்டார்? லூக்கா நற்செய்தியின் 19-ஆம் அதிகாரத்தில் இயேசு எருசலேமை நெருங்கி, நகரைப் பார்த்து அழுகிறார். பகைவர் உன்னை முற்றுகையிட்டு, உன்னையும் உன்னுள் வாழும் பிள்ளைகளையும் தரையில் மோதுவர் என்று சொல்கிறார். அங்கே வரும் கிரேக்க வினைச்சொல், பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 137-ஆம் திருப்பாடலின் ஒன்பதாம் வசனத்தில் வரும் அதே சொல். புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் அது வருவதில்லை. பாபிலோனின் பிள்ளைகளைப் பற்றிச் சினத்தோடு பாடப்பட்டதை, தம்மைக் கொல்லவிருக்கும் நகரின் பிள்ளைகளைப் பற்றிக் கண்ணீரோடு சொல்கிறார் ஆண்டவர். வசனத்தை அவர் வெட்டவும் இல்லை, உருவகமாக்கவும் இல்லை. எந்த ஊரின் குழந்தைக்காகவும் அழக்கூடிய ஓர் உள்ளத்தில் அதை வைத்துப் பேசினார்.

இனி ஏழாம் வசனம். பாபிலோன் அயல்நாடு, ஏதோம் அப்படியன்று. ஏதோமியர் ஏசாவின் வழிவந்தோர், யாக்கோபின் உடன்பிறந்தார் குலம். ஒபதியா இறைவாக்கினரின் சிறு நூல் முழுவதும் அவர்களைப் பற்றியதே. சகோதரனின் நகர் சூறையாடப்பட்ட நாளில் விலகி நின்று வேடிக்கை பார்த்தாய், அவன் அழிவில் மகிழ்ந்தாய், தப்பியோடியவரை வழிமறித்தாய் என்று அது குற்றஞ்சாட்டுகிறது (ஒப 10-14). பாபிலோனின் கொடுமையைவிடச் சகோதரனின் கைதட்டல் நெஞ்சில் ஆழமாகத் தைத்திருக்கிறது.

இப்பாடலை வாசிக்கும்போது நாம் இயல்பாகவே நம்மைச் சீயோனின் பக்கம் வைத்துக்கொள்கிறோம். வரலாறு அதற்கு எப்போதும் இடம்தருவதில்லை. 1752-இல் திருச்சி முற்றுகையின்போது திருவரங்கத்தின் மதில்களுக்குள்ளும் திருவானைக்காவலிலும் பாசறையிட்டிருந்தது சந்தா சாகிபின் படையும், அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையும். அவ்வாண்டு சூன் மாதம் அவர்கள் சரணடையும்வரை அரங்கத்து மக்கள் கண்ட அயல்நாட்டுப் போர்வீரர்களில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் பலர். அன்று கோயில் வாசலில் அழுத ஒருவருக்கு, பாபிலோன் சிலுவை அணிந்துதான் வந்திருக்கும்.

நம் காலத்திற்கு வந்தால் இன்னும் நெருடுகிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவரின் கல்லறைகளையும் மற்றவரின் கல்லறைகளையும் பிரித்துநின்ற மதிலைப் பற்றி நாளேடுகள் எழுதின. 2010-இல் போராட்டக்காரர் அதன் ஒரு பகுதியை இடித்தபோது, அது நம் ஊர் எல்லைக்கு அப்பாலும் செய்தியாயிற்று. ஒரே திருமுழுக்குத் தண்ணீரில் பிறந்தவர்களை மண்ணுக்குள்ளும் பிரித்த அச்சுவரை எழுப்பியது பாபிலோன் அன்று. இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மக்களுக்கான கொள்கை ஏடு, திருச்சபைக்குள்ளும் தீண்டாமை நிலவுவதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அந்தச் சுவரின் மறுபக்கத்தில் தன் தாயை அடக்கம் செய்த ஒருவர் ஏழாம் வசனத்தைச் செபித்தால், அதில் வரும் ஏதோம் யார்? அவருடைய சினத்தைக் கண்டு முகஞ்சுளித்து, மன்னிப்பைப் பற்றி அவருக்கு மறையுரை ஆற்றும் உரிமை சுவரின் இந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு உண்டா? மன்னிப்பு ஆண்டவரின் கட்டளை என்பதில் ஐயமில்லை. ஆயினும் காயப்பட்டவர் தம் வலியைச் சொல்லி முடிக்கும் முன்பே காயப்படுத்தியவர் அதைக் கேட்டு வாங்குவது நற்செய்தி ஆகாது. சிலுவையில் மன்னித்தவர் ஆணியடிக்கப்பட்டவர்தாம். வெள்ளாடை பெற்ற மறைச்சாட்சிகளும் பீடத்தின் அடியிலிருந்து, எத்துணைக் காலம் என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் (திவெ 6:10).

செருமனியில் நாத்சி ஆட்சி மேலோங்கியிருந்த 1937-இல் டீட்ரிக் போன்ஹாபர் 58-ஆம் திருப்பாடலைப் பற்றி மறையுரையாற்றினார். குற்றமற்றவர் ஒருவரே இச்சாபத்தைச் சொல்லத்தக்கவர், அவரோ அச்சாபத்தைத் தாமே ஏற்றுக்கொண்டார் என்பது அவர் கருத்து. 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட அம்மனிதரின் சொல்லுக்கு எடை உண்டு. ஆனால் அந்த மறையுரையை எல்லாரும் எல்லாரிடமும் ஆற்றிவிட முடியாது.

திருச்சியின் கொட்டப்பட்டிலும் வாழவந்தான்கோட்டையிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் பல்லாண்டுகளாக இருக்கின்றன. அங்குள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் நம் பங்குகளில்தான் திருப்பலி காண்கின்றன. 1995 சூலை 9 அன்று யாழ்ப்பாணத்து நவாலியில் புனித பேதுரு ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர்மீது விமானக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். பாபிலோனின் ஆறுகளைப் பற்றிய இப்பாடலை நம்மோடு சேர்ந்து ஆறாம் வசனம்வரை பாடுகின்றவர்களில், மற்ற மூன்று வசனங்களையும் வாழ்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

ஞாயிறு வழிபாட்டில் இவ்வசனங்களைச் சேர்க்கவேண்டும் என்பது நம் கோரிக்கையன்று. கூட்டமாகப் பாடும்போது அவற்றைப் பொறுப்போடு ஏந்துவது கடினம் என்று திருச்சபை கருதியதில் ஞானம் இருக்கிறது. ஆனால் தவக்கால அன்பியக் கூட்டம் வேறு. அங்கே பதினைந்து, இருபது பேர் முகம்பார்த்து அமர்கிறோம். ஒபதியா நூலில் மொத்தம் 21 வசனங்களே உள்ளன. வாசிக்க ஐந்து நிமிடம் போதும். முதலில் அதை வாசித்துவிட்டு, பின்னர் 137-ஆம் திருப்பாடலை ஒன்பது வசனங்களும் குறையாமல் வாசிக்கலாம். முகாமிலிருந்தோ சுவரின் மறுபக்கத்திலிருந்தோ வந்த ஒருவர் கூட்டத்தில் இருந்து, அவருக்கும் மனமிருந்தால், கடைசி மூன்று வசனங்களையும் அவரே வாசிக்கட்டும். விளக்கவுரைக்கு அவசரம் வேண்டாம்.